பெரட்டுக் களம் முதல் பங்குதாரர் கூட்டம் வரை: கெடா தோட்டங்களில் ஆள் நிர்வாகம்

மனிதவளம் என்ற சொல் நமக்குப் பழகி அதிக காலம் ஆகவில்லை. நம் நாட்டில் தொழிலாளர் அமைச்சு 1990-இல்தான் மனிதவள அமைச்சு என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆனால் அந்தச் சொல் குறிக்கிற வேலை பழசு. ஆளைத் தேடுவது, வேலைக்கு எடுப்பது, பெயர் பதிவது, கூலிக் கணக்குப் பார்ப்பது, ஒழுங்கு காப்பது, குறை கேட்பது, வேண்டாதபோது அனுப்பிவைப்பது என்று இத்தனையும் கெடா தோட்டங்களில் நூறு வருஷத்துக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. அதில் அன்றாட வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் இல்லை. கங்காணி, தண்டல், கிராணி என்று நம்ம ஆட்கள்தாம்.

வரலாற்று வகுப்பில் கங்காணி முறையை நாம் ஆள் சேர்க்கும் முறையாக மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். கப்பல் ஏற்றிவிட்டதோடு கங்காணியின் வேலை முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது. உண்மையில் அங்கேதான் ஆரம்பம். ஆகவே இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். நம்மை நிர்வகித்த நம்மவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது? கங்காணி, தொண்டர் படை, தொழிற்சங்கம், கூட்டுறவுச் சங்கம் என்று நான்கு அமைப்புகளிடமும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ‘கடாரம் கொண்டான்’ என்று ராஜேந்திர சோழனைப் பற்றி மாணவர்களிடம் பெருமையாகச் சொல்கிறோம். அது 1025-இல் நடந்த படையெடுப்பு. இன்றைய கெடா தமிழர்களில் பெரும்பாலோருடைய கதை அதற்குத் தொள்ளாயிரம் வருஷம் பிந்தியது. 1909-இல் ஆங்கிலேயருக்கும் சயாமுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையால் கெடா சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷ் செல்வாக்கின் கீழ் வந்தது. அப்போது உலகமே ரப்பர் ரப்பர் என்று அலைந்த நேரம். கோல மூடா, கூலிம், பாலிங், பண்டார் பாரு மாவட்டங்களில் காடுகள் தோட்டங்களாயின. 1915-இல் ரயில் பாதை அலோர் ஸ்டாரை எட்டியது. சுங்கைப்பட்டாணி, பீடோங், லூனாஸ், பாடாங் செராய் போன்ற பட்டணங்கள் தோட்டங்களுக்குச் சம்பள நாளில் அரிசி, துணி, மளிகை விற்கிற ஊர்களாக வளர்ந்தன.

கங்காணி

தோட்டத் துரை ஒருவர் தனக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று தீர்மானிக்கிறார். ஏற்கெனவே தோட்டத்தில் வேலை செய்கிற நம்பிக்கையான ஒருவருக்கு உரிமச் சீட்டு வாங்கிக் கொடுத்து ஊருக்கு அனுப்புகிறார். அவர் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காடு என்று தன் சொந்த வட்டாரத்துக்குப் போய், சொந்தக்காரர், பக்கத்துத் தெருக்காரர், தன் சாதிக்காரர் என்று ஆள் சேர்க்கிறார். கிராம முன்சீப்பின் ஒப்புதல், பிறகு நாகப்பட்டினம் அல்லது ஆவடி முகாம், பிறகு கப்பல். பினாங்கில் இறங்குவதற்கு முன் ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்க்கான தடுப்புக்காவல். அங்கிருந்து கெடாவுக்கு.

இந்தச் செலவை யார் ஏற்றார்கள் என்பது தேர்வுக்கு முக்கியம். 1907-இல் குடியேற்ற நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள் எல்லாரும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். அந்த நிதியிலிருந்துதான் கப்பல் கட்டணம் போனது. ஆகவே சட்டப்படி பார்த்தால், வந்து இறங்கிய தொழிலாளி பயணத்துக்காக யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. சஞ்சிக்கூலி முறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சஞ்சியில் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர் இத்தனை வருஷம் உழைத்தே தீர வேண்டும், ஓடினால் சிறை. அந்த முறை 1910-இல் ரத்தானது. கங்காணி முறையில் வந்தவர் ஒரு மாத அறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறலாம். மாணவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதிவிடுகிறார்கள், தயவுசெய்து கவனியுங்கள்.

சட்டம் அப்படி. நடைமுறையில் வெளியேறுவது அவ்வளவு லேசாக இருக்கவில்லை. ஏன் என்று கேட்டால் கங்காணிக்குக் கிடைத்த வருமானத்தைப் பார்க்க வேண்டும். அவருக்கு இரண்டு வழியில் பணம் வந்தது. ஆள் கொண்டுவந்ததற்கு ஒரு தொகை. அது போக, தன் கூட்டத்தைச் சேர்ந்த ஒவ்வொருவரும் வேலைக்கு இறங்குகிற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசு. இந்த இரண்டாவது வருமானம்தான் தோட்ட வாழ்க்கையின் உருவத்தையே தீர்மானித்தது. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் துரைக்கு மட்டுமல்ல, கங்காணிக்கும் நஷ்டம். விடியுமுன் லயத்துக் கதவைத் தட்டி எழுப்புவதற்கு ஏன் அவ்வளவு அவசரம் என்பது இப்போது புரியும்.

பெரட்டு என்பது அன்றாடம் நடந்த ஒரு சடங்கு. இருட்டோடு மணி அடிக்கும். எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்க, கிராணி செக்ரோல் புத்தகத்தை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார். யாருக்கு எந்த நிரை, யார் பால் வெட்டு, யார் புல் வெட்டு, யார் கான் வெட்டு என்று பிரிப்பு நடக்கும். சின்னதுரை சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வந்து பார்த்துவிட்டுப் போவார். பெயர் புத்தகத்தில் விழுந்தால்தான் அன்றைக்குக் கூலி. மதியம் பால் நிறுக்கும் இடத்தில் மறுபடியும் ஒரு கணக்கு. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், தான் கொண்டுவந்த பாலுக்கு என்ன எழுதப்பட்டது என்பதை எழுதியவர் வாயால்தான் தெரிந்துகொள்ள முடியும். தோட்டத் தமிழ்ப்பள்ளி எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கங்காணி கொண்டுவந்தது ஆட்களை மட்டுமல்ல, ஊர்ச் சமூக அமைப்பையும் சேர்த்துத்தான். சாதிவாரியாக லயங்கள் பிரிந்தன. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை பெரிய கங்காணிக்கு. கல்யாணப் பேச்சு, சண்டை வழக்கு எல்லாமே அவர் திண்ணையில். அவசரத்துக்குக் கைமாற்று வேண்டுமா, அவரிடம்தான். மளிகைக் கடையும் சில இடங்களில் அவருடையது. இந்தக் கடன்தான் சட்டம் கொடுத்த ஒரு மாத அறிவிப்பு உரிமையைப் பல பேருக்குச் செல்லாக்காசாக்கியது. வீடும் தோட்டத்து வீடு. வேலையை விட்டால் கூரையும் போய்விடும்.

அதற்காகக் கங்காணியை முழு வில்லனாக எழுதிவிடவும் முடியாது. மொழி தெரியாத ஊரில், துரையிடம் பேசத் தெரிந்த ஒரே ஆள் அவர். பிரசவம், சாவு, காய்ச்சல் எதுவானாலும் முதலில் ஓடி வந்தவரும் அவராகவே இருந்தார். கூட்டத்தோடு கோபித்துக்கொண்டு அவர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டால் துரைக்கு நிரைகளில் வெட்ட ஆள் இருக்காது. ஆகவே அவருக்கு ஒரு பேரம் பேசும் பலமும் இருந்தது. ஆனால் அந்தப் பலத்தை அவர் யாருக்காகப் பயன்படுத்தினார் என்பது அவரவர் குணத்தைப் பொறுத்தது. தொழிலாளி அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, நீக்கவும் முடியாது. பணம் கொடுத்தவர் துரை. பதிலும் துரைக்குத்தான்.

கூலி எவ்வளவு? 1920-களின் பின்பகுதியில் மலாயாவின் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிலையான கூலி வகுக்கப்பட்டது. 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அது 40, 32 என்று இறங்கியது. பிறகு இன்னும் கீழே போனது. வேலையில்லாமல் பல்லாயிரக்கணக்கானோர் திருப்பி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். ஆள் வேண்டும்போது கொண்டுவர இருந்த அதே நிதிதான், வேண்டாதபோது அனுப்பிவைக்கவும் பயன்பட்டது. இன்றைய ஆள்குறைப்பு என்ற சொல்லை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1936 இறுதியில் இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து பார்த்துவிட்டு, கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதை நிறுத்தலாம் என்று பரிந்துரைத்தார். 1937-இல் கூலி மீண்டும் 50, 40 ஆனது. அடுத்த வருஷமே 45, 36 என்று குறைக்கப்பட்டதும், 1938 ஜூன் மாதம் இந்திய அரசு உதவிப் பயணத்தில் கூலித் தொழிலாளர் மலாயா செல்வதற்குத் தடை விதித்தது. ஆள் கொண்டுவருகிற கங்காணியின் காலம் அத்துடன் முடிந்தது. மேற்பார்வை பார்க்கிற கங்காணி மட்டும் தோட்டத்தில் மிஞ்சினார்.

பெயர்ப் பட்டியல்

1941 டிசம்பரில் ஜப்பானியர் வடக்கிலிருந்து இறங்கியபோது முதலில் அடிபட்ட மாநிலங்களில் கெடாவும் ஒன்று. துரைமார் காரேறி ஓடினார்கள். தோட்டம் கிராணி, கங்காணி கையில் விழுந்தது. ரப்பருக்குச் சந்தை இல்லை, அரிசி இல்லை. லயத்தைச் சுற்றி மரவள்ளி நட்டார்கள்.

பிறகு சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஆள் கேட்டார்கள். ஒரு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு. யார் போவது என்று பெயர் குறிக்க வேண்டியவர்கள், அதுவரை கூலிக்குப் பெயர் குறித்தவர்களே. அதே செக்ரோல்தான் கையில் இருந்தது. போனவர்களில் பெருந்தொகையானோர் திரும்பவில்லை. ஒவ்வொரு கிராணியும் கங்காணியும் என்ன நெருக்கடியில், யாரைக் காப்பாற்ற யாருடைய பெயரை எழுதினார்கள் என்று இன்று உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் போர் முடிந்து வந்தபோது பழைய மரியாதை அவர்களுக்குத் தோட்டத்தில் மிச்சமில்லை என்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் வந்த பிறகு, இந்திய தேசிய ராணுவத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள். வரிசையில் நிற்பது அவர்களுக்குப் புதிதில்லை, பெரட்டில் தினமும் நின்றவர்கள்தாம். ஆனால் இந்த வரிசையில் சீருடை இருந்தது, சல்யூட் இருந்தது. அதை அனுபவித்துவிட்டு 1945-இல் திரும்பி வந்தவர் மறுபடியும் சைக்கிளிலிருந்து இறங்கிக் கிராணிக்கு வழிவிடுவாரா? 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் தலைமையில் நடந்த வேலைநிறுத்தங்களில் துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தக் கேட்டது ஒரு கோரிக்கையாகவே இருந்தது. அது சிலாங்கூர்க் கதை. அதன் தொடர்ச்சி போருக்குப் பின் கெடாவில் நடந்தது.

தொண்டர் படை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் மாணவர்களுக்கு இதைப் பற்றிக் கேள்விப்படவே வாய்ப்பு இல்லை. ஹார்வார்ட் தோட்டத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிற பிள்ளைக்குக்கூட அந்தப் பெயர் கோல்ஃப் மைதானத்தைத்தான் ஞாபகப்படுத்துகிறது.

போர் முடிந்த கையோடு, பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தை மையமாக வைத்துத் தொண்டர் படை என்ற ஓர் அமைப்பு எழுந்தது. தலைவர் ஏ.எம். சாமி. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் இளைஞர்கள் சேர்ந்தார்கள். சீருடை, கம்பு வைத்துக்கொண்டு அணிவகுப்பு என்று ராணுவத்தில் பார்த்ததெல்லாம் இங்கே வந்தது. 1929 இறுதியில் பினாங்கில் வந்திறங்கிய பெரியாரின் பயணத்தைத் தொடர்ந்து மலாயாவில் பரவிய சுயமரியாதைச் சிந்தனையும் இந்தத் தலைமுறையின் காதில் விழுந்திருந்தது. ஆக, கூலி உயர்வு மட்டும் அவர்கள் கேட்டதில்லை. முதல் எதிரியாக அவர்கள் பார்த்தது கள்ளுக்கடையை.

ஏன் கள்ளுக்கடை? தோட்டத்துக் கள்ளுக்கடை உரிமம் பெற்றது. அதன் லாபம் தொழிலாளர் நலனுக்குச் செலவாகும் என்று ஒரு ஏற்பாடு. அதாவது தொழிலாளி குடிக்கக் குடிக்க, தொழிலாளி நலநிதி பெருகும்! சம்பளப் பணம் வாசலைத் தாண்டாமல் திரும்பி வந்துவிடும். குடும்பத்தில் அடி உதை, மறுநாள் பெரட்டுக்கு ஆள் வராமை எல்லாம் தனிக்கணக்கு. தொண்டர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். குடித்துவிட்டு வந்தவர்களைக் கண்டித்தார்கள், சில இடங்களில் தண்டித்தார்கள். தோட்டத்துச் சண்டை வழக்குகளைத் தாங்களே தீர்த்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒழுங்கு காப்பது, வழக்குத் தீர்ப்பது, குறை கேட்பது, நலன் பார்ப்பது என்று கங்காணியின் திண்ணையில் நடந்த அத்தனையும் இப்போது தொழிலாளர்களே அமைத்த ஓர் அமைப்பின் கைக்கு வந்துவிட்டது. துரைமாருக்கு எரிச்சல் உண்டானது கம்பு சுற்றியதால் மட்டும் இல்லை. தோட்டத்துக்குள் இரண்டாவது நிர்வாகம் ஒன்று நடக்கிறது, அதற்குச் சம்பளம் கொடுப்பது தாங்கள் இல்லை, ஆகவே கட்டுப்படுத்தவும் முடியவில்லை என்பதுதான் காரணம்.

வயிற்றுப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. அரிசி பங்கீட்டில் கிடைத்தது போதவில்லை, விலைவாசி போருக்கு முந்தியதைப் போல் பல மடங்கு. பக்கத்துத் தோட்டத்தில் கொந்தராட்டு முறையில் வேலை செய்த சீனத் தொழிலாளருக்கு, செக்ரோல் தமிழரைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. அதே மரம், அதே பால், கூலி மட்டும் வேறு.

1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் கள்ளுக்கடை மறியலின்போது போலீசாருடன் மோதல் ஏற்பட்டது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். மார்ச் தொடக்கத்தில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் போலீஸ் நுழைந்து பெருந்தொகையானோரைக் கைது செய்தது. ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அங்கும் ஒருவர் இறந்தார். சில மாதங்களில் தொண்டர் படை ஒடுக்கப்பட்டது.

தொண்டர் படையைப் பற்றிப் பேசும்போது சிலர் ரௌடிக் கும்பல் என்பார்கள், சிலர் விடுதலை வீரர்கள் என்பார்கள். இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அவர்களிடம் எழுதப்பட்ட சட்டதிட்டமோ, தண்டிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய ஓர் இடமோ இருந்ததாகத் தெரியவில்லை. கள்ளுக் குடித்ததற்காக ஊர் நடுவில் அவமானப்பட்ட மனிதரும் ஒரு தொழிலாளிதானே. அதே சமயம், தோட்டத்து மக்கள் தாங்களாகவே கூடி, தங்களுக்குத் தாங்களே பதில் சொல்கிற ஓர் அமைப்பைக் கட்ட முயன்றது கெடாவில் அதுதான் முதல் தடவை என்று நான் நினைக்கிறேன். அதைச் சீர்திருத்தி வளர்க்க நேரம் கொடுக்கப்படவில்லை.

அரசாங்கம் விரும்பிய தொழிற்சங்கம் வேறு மாதிரியானது. 1945 இறுதியில் ஜான் பிரேசியர் என்ற தொழிற்சங்க ஆலோசகர் பிரிட்டனிலிருந்து வந்திருந்தார். 1948-இல் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டு, அந்தத் தொழிலிலேயே மூன்று வருஷமாவது அனுபவம் உள்ளவர்தான் சங்கப் பொறுப்பாளர் ஆகலாம் என்று விதி வந்தது. வெவ்வேறு தொழில்களை ஒன்றிணைக்கும் சம்மேளனங்களும் முடக்கப்பட்டன. ஜூன் மாதம் அவசரகாலம் பிறந்தது. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-இல் தூக்கிலிடப்பட்டார்.

சங்கம்

1954-இல் பல தோட்டச் சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பொதுச் செயலாளர் பி.பி. நாராயணன். இவர் பிற்காலத்தில் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகச் சம்மேளனத்துக்கே தலைவரானார். சங்கம் கொண்டுவந்த மாற்றத்தை ஒரே வரியில் சொல்வதென்றால், கங்காணியின் வாய்ச்சொல்லாக இருந்ததெல்லாம் காகிதத்துக்கு வந்தது. கூட்டு ஒப்பந்தம், ரப்பர் விலையோடு ஏறி இறங்கும் கூலி, விடுமுறை, புகார் செய்யும் முறை. எல்லாவற்றுக்கும் விதி எண் இருந்தது, காட்டிப் பேச முடிந்தது.

தோட்டத்துச் சங்கக் கிளையில் தலைவர், செயலாளர் தேர்தலில் வந்தார்கள். நேற்றுவரை பெரட்டில் வரிசையில் நின்றவர் இன்று நிர்வாகியின் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். இதன் மதிப்பை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கஷ்டம். ஆனால் தலைமையகம் தூரத்தில் இருந்தது, ரப்பர் விலை விழுந்தால் கூலியும் விழுந்தது. மாதச் சம்பளம் என்ற கோரிக்கை நிறைவேற எத்தனை காலம் பிடித்தது பாருங்கள்: 2003-இல்தான் மாதம் 350 ரிங்கிட் என்ற உத்தரவாதம் கிடைத்தது.

பத்து வெள்ளி

1950-களில் சுதந்திரம் நெருங்க நெருங்க, வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். நூறு ஏக்கருக்குக் கீழே போனால் அது தோட்டமே இல்லை, சிறு நிலம். தோட்டத்துக்கான சட்டக் கடமைகளும் அதோடு போய்விடும். லயமும் பள்ளிக்கூடமும் கோயிலும் யார் பங்கில் விழுந்தன என்றுகூடத் தெரியாத நிலை. தொழிற்சங்கத்தால் இதைத் தடுக்க முடியவில்லை. முதலாளியே மாறிப் போகும்போது யாரோடு ஒப்பந்தம் பேசுவது?

துன் வீ.தி. சம்பந்தன் இதற்குக் கண்ட வழி, நாமே வாங்குவது. 1960 மே மாதம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. ஒரு பங்கு 100 வெள்ளி, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய் அவரே பேசி உறுப்பினர் சேர்த்தார். பத்து வெள்ளி என்றால் அன்றைய பால் வெட்டுக்காரருக்குச் சில நாள் கூலி. கட்டினார்கள். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில்தான் இருந்தது: புக்கிட் சீடிம் தோட்டம். பீடோங்கில் தொண்டர் படை ஒடுக்கப்பட்டுப் பதினைந்து வருஷம்கூட ஆகவில்லை.

இங்கே நம் கேள்வியை மறுபடி கேட்போம். நிர்வாகி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? பங்குதாரருக்கு. பங்குதாரர் யார்? நாடெங்கும் உள்ள தோட்டத் தொழிலாளர். அப்படியென்றால் பெரட்டில் நிற்பவர், முதலாளியும் தாமே. கேட்க இனிமையாக இருக்கிறது. நிஜத்தில் சிக்கல் அங்கேதான். பங்குதாரராக அவருக்கு லாப ஈவு கூட வேண்டும், தொழிலாளியாகக் கூலி கூட வேண்டும். இரண்டும் ஒரே பாலிலிருந்துதான் வர வேண்டும். அது மட்டுமல்ல, புக்கிட் சீடிமில் பால் வெட்டுகிறவரின் எண்ணிக்கை சங்கத்தின் மொத்த உறுப்பினரில் மிகச் சிறியது. அவருடைய தோட்டத்தின் பைப் தண்ணீரைப் பற்றி பேராக்கில் இருக்கிற பங்குதாரருக்கு என்ன அக்கறை? ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்குகிற உரிமை எல்லாருக்கும் சமம். பெரட்டில் பேசுகிற உரிமை தானாக அதோடு வந்துவிடாது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கூட்டுறவுக் கொள்கையைப் படிக்கிற மாணவர் இந்த இழுபறியைப் புரிந்துகொண்டால்தான் ஆறாம் படிவத்தில் நல்ல விடை எழுத முடியும். சங்கம் வாங்கியதால் துண்டாகாமல் தப்பிய தோட்டங்களில் பள்ளியும் கோயிலும் லயமும் இடம் மாறாமல் நின்றன. அது சாதாரண விஷயம் இல்லை. 1979-இல் சம்பந்தன் மறைந்த பின் தான்ஸ்ரீ கே.ஆர். சோமசுந்தரம் தலைமையில் சங்கம் நிலைத்தது. நம் ஆசிரியர்கள் பலர் அதன் இலக்கியப் பரிசுகளின் வழியாகவே அதை அறிந்திருப்பார்கள். அந்தப் பரிசுப் பணத்தின் அடியில் யாரோ ஒருவருடைய பத்து வெள்ளி இருக்கிறது.

பிறகு

மிச்சக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி தேவைப்பட்டது. ஆயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் சிவப்பு அடையாள அட்டையோடு கப்பலேறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். சுங்கைப்பட்டாணித் தொழிற்பேட்டைக்கும், 1996-இல் திறந்த கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்கும் விடியுமுன் பேருந்து வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. 2013-இல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட் என்று சட்டமானது.

தோட்டத்தில் இப்போது வேலை செய்கிறவர்களில் பெரும்பகுதி இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வந்தவர்கள் அவர்களில் உண்டு. பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது, சம்பளத்தில் என்ன பிடித்தம், தங்குமிடம் யாருடையது என்ற கேள்விகள் அவர்களுக்கு இன்றும் உயிரோடு இருக்கின்றன. மேற்பார்வை செய்கிற மண்டோர் சில தோட்டங்களில் தமிழர். நம் பிள்ளைகளில் சிலர் மனிதவள நிர்வாகத்தில் டிப்ளோமா முடித்து, அந்தத் தொழிலாளர்களின் கோப்புகளைக் கையாளும் அலுவலகங்களில் வேலை செய்கிறார்கள். கங்காணிப் பாடத்தை நடத்தும்போது இதையும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன யோசனை. பள்ளி சார்ந்த வரலாற்றுப் பணிக்குத் தலைப்புத் தேடுகிற மாணவர் கெடாவில் இருந்தால், வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால் அவரிடம் இந்த விவரங்களைக் கேட்டு, கைத்தொலைபேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள்: பெரட்டில் பெயர் கூப்பிட்டது யார், அவரை என்ன சொல்லி அழைத்தீர்கள், பால் நிறுக்கும்போது எழுதிய கணக்கை உங்களால் படிக்க முடிந்ததா, கூலி குறைந்தால் முதலில் யாரிடம் போனீர்கள், கூட்டுறவுச் சங்கப் பங்குச் சீட்டு வீட்டில் இன்னும் இருக்கிறதா. தொண்டர் படை என்ற பெயரை நீங்கள் முதலில் எடுக்க வேண்டாம். கள்ளுக்கடையைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். தெரிந்தவர்கள் தாமாகவே அங்கே வந்துவிடுவார்கள்.